வளைவில் சாயும் ரயிலுக்கு அரியலூரில் என்ன வேலை?

சென்னை எழும்பூருக்கும் திருநெல்வேலிக்கும் இடையே வந்தே பாரத் ரயில் 2023 செப்டம்பர் 24 அன்று ஓடத் தொடங்கியது. 652 கிலோமீட்டர் தூரத்தை ஏழு மணி ஐம்பது நிமிடத்தில் கடக்கும் என்று அறிவித்தார்கள். தாம்பரம், விழுப்புரம், திருச்சி, திண்டுக்கல், மதுரை, விருதுநகர் என்று வெளியான நிறுத்தப் பட்டியலில் அரியலூர் இல்லை. பெரம்பலூருக்கு அந்தப் பட்டியலில் இடம் கேட்கவே வழியில்லை. மாவட்டத் தலைநகரான அந்த ஊருக்குத் தண்டவாளமே கிடையாது.

நின்றாலும் நிற்காவிட்டாலும் அந்த ரயில் அரியலூரைத் தாண்டித்தான் போகவேண்டும். அறிவித்த நேரத்தை வைத்துக் கணக்குப் போட்டால் அதன் சராசரி வேகம் மணிக்கு 83 கி.மீ. அளவில் வருகிறது. வண்டியோ 160 கி.மீ. வேகத்துக்குக் கட்டப்பட்டது, சோதனை ஓட்டத்தில் 180ஐத் தொட்டது. வண்டியால் முடிகிற வேகத்தில் ஏறக்குறைய பாதிதான் பயணிக்குக் கிடைக்கிறது. மீதி எங்கே போகிறது?

இந்தக் கேள்வியை இந்தியா மட்டும் கேட்கவில்லை. மலையும் ஆறும் ஊரும் நெருங்கிய நாடுகள் எல்லாம், பழைய தண்டவாளத்திலேயே புது வேகத்தை எடுப்பது எப்படி என்று அரை நூற்றாண்டுக்கு மேலாக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கின்றன. அவை கண்ட விடைகளில் துணிச்சலானது, வளைவு வரும்போது தானே உள்பக்கமாகச் சாய்ந்துகொடுக்கும் ரயில். வந்தே பாரத் வண்டிகளில் ஒரு பகுதியை அப்படிச் சாயும் வண்டிகளாகக் கட்டும் திட்டம் இந்திய ரயில்வேயிடம் இருப்பதாக 2022 இறுதியில் செய்திகள் வந்தன. அந்த நுட்பம் என்ன செய்யும், என்ன செய்யாது என்பதை எடைபோட அரியலூரைப் போன்ற இடம் குறைவு. தமிழ்நாட்டின் தெற்குத் திசைப் போக்குவரத்தின் முதுகெலும்பான கார்டு லைன் இங்கே ஓடுகிறது. சிமென்ட் ஏற்றிய கூட்ஸ் வண்டிகளும் விரைவு ரயில்களும் அதில் ஒரே தண்டவாளத்தைப் பகிர்கின்றன. இந்திய ரயில்வே வரலாற்றின் மறக்கமுடியாத விபத்து ஒன்று நடந்ததும் இதே பாதையில்தான்.

விழுப்புரத்திலிருந்து மயிலாடுதுறை, தஞ்சாவூர் வழியாகத் திருச்சிக்குப் போகும் பழைய பாதை மெயின் லைன். அது டெல்டாவைச் சுற்றிப் போகும். 1920களின் இறுதியில் விருத்தாசலம், அரியலூர், லால்குடி வழியாகக் குறுக்கே ஒரு பாதையைப் போட்டார்கள். அதுதான் கார்டு லைன். அன்றிலிருந்து சென்னைக்கும் மதுரைக்கும் இடையே அவசரக்காரர்களின் பாதை அதுவே. 1977 ஆகஸ்ட் 15 அன்று வைகை எக்ஸ்பிரஸ் ஓடத் தொடங்கியபோது இது மீட்டர் கேஜ். அந்தக் குறுகிய தண்டவாளத்திலும் மதுரையில் காலையில் ஏறியவர் பிற்பகலில் எழும்பூரில் இறங்க முடிந்தது என்பதைத் தென்மாவட்டத்துக்காரர்கள் இன்றும் பெருமையோடு சொல்வார்கள். 1990களின் கடைசியில் பாதை அகலமானது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் மின்கம்பிகளும் இரண்டாவது தண்டவாளமும் வந்துசேர்ந்தன.

இந்தப் பாதைக்கு இன்னொரு முகமும் உண்டு. அரியலூர், பெரம்பலூர் மண்ணுக்கு அடியில் ஒருகாலத்துக் கடல் கிடக்கிறது. சாத்தனூரில் கல்லாகிப் போன பன்னிரண்டு கோடி ஆண்டுப் பழைய மரமும், காரை பகுதியில் மழை அரித்த மேடுகளில் கிடைக்கும் கடல் உயிர்களின் எச்சங்களும் அதற்குச் சாட்சி. அந்தக் கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்புக்கல்தான் டால்மியா சிமென்ட் ஆலையை 1930களின் இறுதியில் கல்லக்குடிக்குக் கொண்டுவந்தது. ஆலையின் பெயரை ஊருக்கு வைத்ததை எதிர்த்து 1953 ஜூலையில் மு. கருணாநிதி தண்டவாளத்தில் படுத்த கல்லக்குடியும் இதே கார்டு லைனில்தான் இருக்கிறது. பிறகு அரசின் டான்செம் ஆலை, ராம்கோ, அல்ட்ராடெக், இந்தியா சிமென்ட்ஸ் என்று ஆலைகள் வரிசையாக எழுந்தன. நிலக்கரி உள்ளே வரவேண்டும்; சிமென்ட் வெளியே போகவேண்டும். அதனால் கார்டு லைனில் விரைவு ரயிலுக்கு முன்னும் பின்னும் எப்போதும் ஒரு கூட்ஸ் வண்டி இருக்கும்.

சாயும் ரயிலின் கதை அந்தக் கூட்ஸ் வண்டியிலிருந்துதான் தொடங்குகிறது.

இரண்டு வண்டிகளுக்கு ஒரே வளைவு

வளைவில் தண்டவாளம் போடும்போது வெளிப்பக்கத் தண்டவாளத்தை உள்பக்கத்தைவிடச் சற்று உயர்த்தி வைப்பார்கள். ரயில்வேக்காரர்கள் இதைக் கேன்ட் என்றும் சூப்பர் எலிவேஷன் என்றும் சொல்வார்கள். சைக்கிள் ஓட்டுகிறவர் திருப்பத்தில் உடம்பை உள்பக்கம் சாய்ப்பதைப் போல, வண்டி மொத்தமும் உள்பக்கம் சாய இது வழிசெய்கிறது. எவ்வளவு உயர்த்த வேண்டும் என்பது வண்டியின் வேகத்தையும் வளைவின் ஆரத்தையும் பொறுத்தது.

875 மீட்டர் ஆரம் கொண்ட ஒரு வளைவை எடுத்துக்கொள்ளலாம். ரயில்வே பேச்சில் இது 2 டிகிரி வளைவு. நம் அகலப்பாதையில் மணிக்கு 130 கி.மீ. வேகத்தில் இதைக் கடக்கும் ரயிலில் இருப்பவர் பக்கவாட்டுத் தள்ளலே உணரக்கூடாது என்றால், வெளித் தண்டவாளம் சுமார் 266 மில்லிமீட்டர் உயர்ந்திருக்க வேண்டும். அதே வளைவில் 60 கி.மீ. வேகத்தில் வரும் சிமென்ட் வண்டிக்குத் தேவை வெறும் 57 மில்லிமீட்டர். வேகமான ரயிலுக்காக உயர்த்தினால் மெதுவாக வரும் கூட்ஸ் தன் எடையைக் கூடுதலாக உள்பக்கத் தண்டவாளத்தின் மேல் சாய்த்து அதைத் தேய்த்துத் தீர்க்கும். கூட்ஸுக்காகத் தாழ்த்தினால் விரைவு ரயிலில் டீ கோப்பை கவிழும். நம் விதிகளின்படி உயர்த்தக்கூடிய உச்சமே 165 மில்லிமீட்டர்தான். ஆகவே பொறியாளர் நடுவில் ஓர் அளவைத் தேர்ந்தெடுத்துவிட்டு, விரைவு ரயிலின் வேகத்தைக் குறைத்து ஒரு பலகை நட்டுவிடுகிறார்.

ஜப்பானின் ஷின்கான்செனும் பிரான்சின் டிஜிவியும் இந்தச் சிக்கலுக்குள் நுழையவே இல்லை. அதிவேக ரயிலுக்கென்று தனிப் பாதை போட்டு, வளைவுகளைக் கிலோமீட்டர் கணக்கில் அகல ஆரமாக வைத்துக் கூட்ஸ் வண்டியை வெளியே நிறுத்தின. மும்பை–அகமதாபாத் புல்லட் ரயில் திட்டமும் அந்த வழியைத்தான் எடுத்திருக்கிறது. அதற்கு வேண்டிய பணமும் நிலமும் எல்லா ஊருக்கும் கிடைத்துவிடாது. கிடைக்காத இடத்துக்குப் பிறந்த யோசனைதான் இது: தண்டவாளத்தை மேலும் உயர்த்த முடியாதென்றால், வளைவுக்குள் நுழையும்போது பெட்டியின் உடலை மட்டும் சில டிகிரி உள்பக்கம் சாய்த்தால் என்ன? கூட்ஸுக்கு ஏற்றபடி தண்டவாளம் அப்படியே இருக்கும். வளைவுகளில் 20 முதல் 30 சதவீதம் வரை வேகம் கூடும்.

வயிற்றைக் கலக்கிய ரயில்

வணிக ஓட்டத்தில் முன்னோடிகளில் ஒன்று ஜப்பான். 1973இல் நகோயாவுக்கும் நகானோவுக்கும் இடையிலான மலைப்பாதையில் 381 வரிசை ரயில் ஓடியது. அதன் பெட்டி உருளைகளின் மேல் உட்கார்ந்திருந்தது. வளைவில் வெளிநோக்கித் தள்ளும் விசையே அதைச் சாய்த்தது. மோட்டார் கிடையாது, கணினி கிடையாது. விசை வந்த பிறகே பெட்டி சாயும் என்பதால் ஒரு கண நேரத் தாமதம் இருந்தது. வளைவு முடிந்த பிறகு நிமிர்வதிலும் அதே தாமதம். தொடர்ந்து வளைவுகள் வரும் பாதையில் பயணிகளுக்குத் தலைசுற்றியது. பின்னாளில் ஜப்பானியர்கள் ஒவ்வொரு வளைவின் விவரத்தையும் வண்டியின் கணினியில் முன்கூட்டியே பதிந்துவைத்து, வளைவு தொடங்கும் முன்பே சாய்வைத் தொடங்கிவைத்தார்கள்.

பிரிட்டனின் கதை இன்னும் விரிவாகச் சொல்லத்தக்கது. டெர்பி நகர ரயில்வே ஆய்வுக்கூடத்தில், விமானத் துறையிலிருந்து வந்த பொறியாளர்களும் சேர்ந்து ஏபிடி என்ற ரயிலை உருவாக்கினார்கள். லண்டனிலிருந்து கிளாஸ்கோ வரை விக்டோரியா ராணி காலத்தில் போட்ட வளைவுப் பாதையை மாற்றாமலேயே ஓடவேண்டும் என்பது குறிக்கோள். சோதனை வண்டி 1975 ஆகஸ்டில் மணிக்கு 245 கி.மீ. வேகத்தைத் தொட்டது. சென்சார்கள் வளைவை உணர்ந்து, ஹைட்ராலிக் ஜாக்குகள் பெட்டியைச் சாய்க்கும். உலகத்தில் அன்று அதற்கு நிகரான வண்டி இல்லை.

1981 டிசம்பர் 7 அன்று ஏபிடி பத்திரிகையாளர்களோடு கிளாஸ்கோவிலிருந்து புறப்பட்டது. போகும்போது நேரத்தைச் சாதித்தது. ஆனால், வந்தவர்களில் பலருக்குக் குமட்டல். மறுநாள் செய்தித்தாள்கள் வேகத்தை விட்டுவிட்டு வாந்தியைப் பற்றி எழுதின. அடுத்த நாட்களில் கடும் குளிரில் கருவிகள் உறைந்து மக்கர் செய்தன. சில நாட்களுக்குள் ரயிலைப் பொதுச்சேவையிலிருந்து எடுத்துவிட்டார்கள். 1980களின் நடுவில் திட்டமே மூடப்பட்டது.

குமட்டலுக்கு என்ன காரணம் என்று ஆராய்ந்தவர்கள் கண்டது அருமையான உண்மை. வண்டி மோசமாகச் சாய்ந்ததால் யாருக்கும் குமட்டவில்லை. அது மிகத் துல்லியமாகச் சாய்ந்ததுதான் சங்கடமானது. பக்கவாட்டு விசையை முழுக்க அழித்துவிட்டதால் உள்காது, வண்டி நேராகப் போகிறது என்று மூளைக்குச் சொல்லியது. சன்னலுக்கு வெளியே தொடுவானம் சரிந்து எழுவதைக் கண் பார்த்தது. இரண்டு செய்திகளும் ஒன்றோடொன்று மோதின. கொஞ்சம் தள்ளலை மிச்சம் வைத்துச் சாய்த்தால் உடம்பு சமாதானமாகிவிடுகிறது. இன்று ஓடும் சாயும் ரயில்கள் எல்லாம் வேண்டுமென்றே முழுமையாகச் சாய்வதில்லை.

அந்தப் பாடத்தின் பலன் இத்தாலிக்குப் போனது. ஃபியட் நிறுவனம் 1970களிலேயே சொந்தமாக ஒரு சாயும் ரயிலைக் கட்டி, அபெனைன் மலைகளைக் குறுக்காகக் கடக்கும் ரோம்–ஆன்கோனா பாதையில் ஓட்டிப் பார்த்திருந்தது. பிரிட்டனின் காப்புரிமைகளும் பிறகு அதன் கைக்கு வந்தன. 1988இல் ரோம்–மிலான் இடையே பெண்டோலினோ என்ற பெயரில் முறையான சேவை தொடங்கியது. எட்டு டிகிரி வரை சாயும் அந்தக் குடும்பம் பின்லாந்து, போர்ச்சுகல் என்று பரவி, 2002இல் லண்டன்–கிளாஸ்கோ பாதைக்கே திரும்பி வந்தது. தாங்கள் கைவிட்ட யோசனையை ஆங்கிலேயர்கள் இருபது ஆண்டு கழித்து விலைகொடுத்து வாங்கினார்கள். ஸ்வீடனில் 1990இல் வந்த எக்ஸ் 2000, ஸ்டாக்ஹோம்–கோத்தன்பர்க் பயணத்தை நான்கு மணி நேரத்தை ஒட்டிய நிலையிலிருந்து மூன்று மணி நேர அளவுக்குக் கொண்டுவந்தது.

உடம்பை ஏமாற்றலாம், தண்டவாளத்தை ஏமாற்ற முடியாது

சாயும் ரயிலைப் பற்றிப் பேசும்போது அடிக்கடி விட்டுப்போகிற ஒன்று உண்டு. சாய்வு என்பது பயணியின் வசதிக்காக மட்டுமே. பெட்டி சாய்ந்தாலும் சாயாவிட்டாலும், வேகம் கூடினால் வளைவில் சக்கரம் வெளித் தண்டவாளத்தைத் தள்ளும் விசை கூடத்தான் செய்யும். பயணிக்கு அது தெரியாமல் போகிறது. தண்டவாளத்துக்கும் ஸ்லீப்பர் கட்டைக்கும் ஜல்லிக்கும் அடியில் இருக்கும் மண்கரைக்கும் முன்னைவிட நன்றாகவே தெரிகிறது. ஆகவே சாயும் ரயிலை வாங்கும் நாடு, அதற்கு முன் தன் பாதையைத் திடப்படுத்தியிருக்க வேண்டும். வேகத்தை எந்நேரமும் கண்காணிக்கும் தானியங்கிக் காவலும் வேண்டும்.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நடந்ததைப் பார்க்கலாம். நம் மீட்டர் கேஜைவிட ஏழு சென்டிமீட்டர்தான் அகலமான தண்டவாளம் அங்கே. அதில் 1998 முதல் சாயும் ரயில் ஓடுகிறது. 1999 சோதனையில் மணிக்கு 210 கி.மீ. வேகம் எடுத்தது. 2004 நவம்பரில் அங்கே ஒரு சாயும் ரயில், 60 கி.மீ. வரம்பு உள்ள வளைவில் 112 கி.மீ. வேகத்தில் நுழைந்து தடம் புரண்டது. உயிரிழப்பு இல்லை, பலர் காயமடைந்தார்கள். வளைவு வரம்பைத் தாண்டிய பிறகு எந்தச் சாய்வும் வண்டியைக் காப்பாற்றாது.

பிரிட்டனில் 2007 பிப்ரவரியில் கிரேரிக் என்ற இடத்தில் பெண்டோலினோ ரயில் ஒன்று தடம் புரண்டு ஒருவர் இறந்தார். வண்டியில் ஒரு குறையும் இல்லை. தண்டவாளம் பிரியும் பாயிண்டில் போல்ட்டுகள் கழன்று, கம்பிகள் முறிந்து கிடந்தன. அதைக் கண்டுபிடித்திருக்க வேண்டிய நடைச் சோதனை, விபத்துக்கு ஐந்து நாள் முன்பு நடக்காமல் விடுபட்டிருந்தது. உலகத்தின் உயர்ந்த நுட்பத்தோடு ஓடிய ரயிலை, ஒருவர் நடந்துபோய்ப் பார்க்காமல் விட்ட சில நூறு மீட்டர் கவிழ்த்துவிட்டது.

அரியலூருக்கு இதைப் புதிதாகச் சொல்லவேண்டியதில்லை.

1956 நவம்பர் 22 இரவு எழும்பூரிலிருந்து தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் புறப்பட்டது. ஐப்பசி கழிந்து கார்த்திகை பிறந்திருந்த பருவம். வடகிழக்குப் பருவமழை உச்சத்தில் இருந்தது. 23ஆம் தேதி விடிவதற்கு முன், அரியலூரைத் தாண்டி மருதையாற்றுப் பாலத்தை ரயில் நெருங்கியபோது, பெருகிவந்த வெள்ளம் பாதையின் பிடிமானத்தை அரித்திருந்தது. எஞ்சினும் அதன் பின்னே பெட்டிகளும் ஆற்றில் சரிந்தன. 140க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நீராவி எஞ்சின், மீட்டர் கேஜ். இன்றைய கணக்கில் அது வேகமே இல்லை. மெதுவான ரயிலைக்கூடத் தாங்க அந்த விடியலில் தரை இல்லை.

அதே ஆண்டு செப்டம்பரில் மகபூப்நகர் பாலம் இடிந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தபோதே ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலக முன்வந்தார். நேரு ஏற்கவில்லை. அரியலூருக்குப் பிறகு சாஸ்திரி மீண்டும் விலகல் கடிதம் கொடுத்தார். விபத்துக்கு அவர் நேரடிப் பொறுப்பு இல்லையென்றாலும் ஆட்சிமுறையில் ஒரு முன்மாதிரியாக அமையட்டும் என்று கூறி இந்த முறை நேரு ஏற்றார். ரயில்வே துணை அமைச்சராக இருந்த ஓ.வி. அழகேசனின் பெயரையும் அரியலூரையும் மோனையாகக் கோத்த தேர்தல் முழக்கம் தமிழகச் சுவர்களில் நெடுங்காலம் இருந்தது. சாஸ்திரியின் பண்பை இன்றும் மேடைதோறும் சொல்கிறார்கள், சொல்லவேண்டியதுதான். ஆனால், அரியலூர் கற்றுக்கொடுத்த பொறியியல் பாடத்துக்கு அந்த அளவுக்கு மேடை கிடைக்கவில்லை.

அந்தப் பாடம் இன்றைய நடைமுறையில் பல இடங்களில் இருக்கிறது. பாலத்தூண்களில் அபாய நீர்மட்டக் கோடு வரைந்திருப்பார்கள். மழைக்காலத்தில் இரவு முழுவதும் விளக்கோடும் வெடியோடும் ஊழியர்கள் பாதையில் ரோந்து நடக்கிறார்கள்; அவர்கள் எங்கே நடக்கிறார்கள் என்று பார்க்க ஜிபிஎஸ் கருவி வந்திருக்கிறது. பல பாலங்களில் நீர்மட்டத்தைத் தானாக அளந்து செய்தி அனுப்பும் கருவியைப் பொருத்தியிருக்கிறார்கள். உடைந்தால் தண்டவாளத்தைப் பாதிக்கக்கூடிய ஏரிகள் எவை என்று தனிப் பட்டியலே ரயில்வேயிடம் உண்டு. பருவமழைக்கு முன் மாநில அதிகாரிகளோடு சேர்ந்து அவற்றின் கரைகளைப் பார்வையிடுவார்கள். ஏரிகள் அடுக்கடுக்காகக் கிடக்கும் அரியலூர் போன்ற மாவட்டத்தில், ஒரு ஏரிக்கரையின் உறுதியும் ரயிலின் வேகத்தோடு சேர்ந்த விஷயம். போதாததற்கு இந்தப் பகுதியில் கரிசல் மண் அதிகம். மழையில் ஊதி, வெயிலில் வெடித்து, தன்மேல் போட்ட எதையும் அசைத்துப் பார்க்கும் மண் அது. சாலை போடுகிறவர்களும் வீடு கட்டுகிறவர்களும் அஞ்சும் அந்த மண்ணின்மேல் 160 கி.மீ. வேகத்தைச் சுமத்துவது சாதாரண வேலை இல்லை.

இந்தியா சாய்ந்து பார்த்த கதை

இந்தியாவில் சாயும் நுட்பம் தண்டவாளத்தைத் தொட்டது 2016இல். ஸ்பெயினின் டால்கோ நிறுவனம் தன் செலவில் ஒன்பது பெட்டிகளை அனுப்பியது. மோட்டார் இல்லாமல் தானாகச் சாயும் வகை அது. பெட்டியைத் தாங்கும் ஸ்பிரிங்குகள் கூரைக்கு அருகே இருப்பதால், வளைவில் அடிப்பகுதி வெளியே வீசி, பெட்டி தானாக உள்பக்கம் சாய்ந்துகொள்ளும். இரண்டு பெட்டிகளுக்கு நடுவே ஒரே சக்கரத் தொகுப்பு, எடையும் குறைவு. மே மாத இறுதியில் பரேலி–மொரதாபாத் இடையே முதல் சோதனை. ஜூலையில் மதுரா–பல்வல் இடையே 180 கி.மீ. வேகம். செப்டம்பர் 10 அன்று டெல்லியிலிருந்து புறப்பட்டு மும்பைக்கு 12 மணி நேரத்துக்குள் வந்துசேர்ந்தது. ராஜதானிக்கு அன்று ஏறத்தாழ 16 மணி நேரம் ஆகும். தண்டவாளத்தில் எந்த மாற்றமும் செய்யாமல் நான்கு மணி நேரம் மிச்சம்.

அதோடு நின்றுவிட்டது. டால்கோ பெட்டியின் தளம் நம் நடைமேடையைவிடத் தாழ்வாக இருந்தது என்பது பேசப்பட்ட குறைகளில் ஒன்று. 2017 ஆகஸ்டில் சுவிட்சர்லாந்து அதிபர் டெல்லி வந்தபோது, சாயும் ரயில் நுட்பத்தில் ஒத்துழைக்க அந்நாட்டோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தானது. இதில் சென்னைக்கு ஒரு பழைய உறவு இருக்கிறது. பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐசிஎஃப் 1955 அக்டோபர் 2 அன்று தொடங்கியபோது அதன் எஃகுப் பெட்டிக்கு வடிவம் தந்தது ஷ்லீரன் என்ற சுவிஸ் நிறுவனம்தான். பின்னாளில் அரியலூரைக் கடந்துபோன நீலப் பெட்டிகளில் பெரும்பாலானவை அந்தச் சுவிஸ் வடிவத்தின் வாரிசுகள்.

அதே ஐசிஎஃப், சுதான்ஷு மணி பொது மேலாளராக இருந்தபோது, பதினெட்டு மாதத்தில் ‘டிரெய்ன் 18’ஐக் கட்டி 2018இல் வெளியே விட்டது. 2019 பிப்ரவரி 15 அன்று டெல்லி–வாராணசி இடையே வந்தே பாரத் என்ற பெயரில் ஓடியது அதுதான். தமிழ்நாட்டில் பிறந்த இந்த வண்டியின் பலம் சாய்வில் இல்லை, எழுச்சியில் இருக்கிறது. தனி எஞ்சின் இழுப்பதற்குப் பதிலாக, பாதிச் சக்கர அச்சுகளில் மோட்டார்கள் இருக்கின்றன. 2022இல் வந்த மேம்பட்ட வடிவம் நின்ற நிலையிலிருந்து 100 கி.மீ. வேகத்தை 52 விநாடியில் எட்டும். 400 வந்தே பாரத் வண்டிகளில் 100 வண்டிகளைச் சாயும் வகையாகக் கட்டுவோம் என்ற செய்தி அதே ஆண்டில்தான் வந்தது. அதன்பின் ஓட்டத்துக்கு வந்த வந்தே பாரத் எதுவும் சாயும் வகை அல்ல.

அப்படியானால் கார்டு லைனுக்குச் சாயும் ரயில் வேண்டுமா? நேர்மையான பதில்: முதல் தேவை அது இல்லை. விழுப்புரத்துக்கும் திருச்சிக்கும் இடையே பாதை பெரும்பாலும் சமவெளியில் போகிறது. இங்கே நேரத்தைத் தின்பது வளைவுகளைவிட மற்றவைதான்: நிலையங்களில் குறைக்கும் வேகம், பழைய பாலங்களின் மேல் தற்காலிக வரம்பு, முன்னால் போகும் கூட்ஸ் வண்டி ஒதுங்கக் காத்திருக்கும் சிக்னல். ஒரு கிலோமீட்டரை 130இல் கடக்க 28 விநாடி போதும். 75இல் 48 விநாடி. வேகத்தைக் குறைக்கவும் மீண்டும் எடுக்கவும் ஆகும் நேரம் அதற்கு மேலே. இப்படிப் பத்து இடம் இருந்தால் போதும், எட்டு டிகிரி சாய்வு மிச்சப்படுத்துவதையெல்லாம் அது விழுங்கிவிடும். எழும்பூர்–திண்டுக்கல் பாதையின் வேகவரம்பை 110இலிருந்து 130 ஆக உயர்த்தும் தெற்கு ரயில்வேயின் திட்டத்தில் அடங்கியிருப்பது இந்த வேலைதான்: தண்டவாளம், பாயிண்ட், பாலம், சிக்னல், வேலி. பெட்டியில் பூசும் வண்ணத்தைப் போலன்றிக் கண்ணில் படாத வேலை; ஆனால், அரியலூர்க்காரருக்கு நிமிடங்களைத் தருவது அதுதான். இதோடு கவச் தானியங்கிப் பாதுகாப்பும் சேர்ந்தால்தான் வேகத்தை நம்பிக் கொடுக்க முடியும். பிரிட்டனின் பெண்டோலினோ 225 கி.மீ. வேகத்துக்குக் கட்டப்பட்டும் சிக்னல் அமைப்பு அதற்கு ஏற்றபடி வராததால் இன்றும் 200 அளவிலேயே ஓடுகிறது.

சாய்வு உதவக்கூடிய பாதைகள் வேறு. கேரளத்தின் காசர்கோடு–திருவனந்தபுரம் வந்தே பாரத் 2023 ஏப்ரலில் தொடங்கியபோது 586 கி.மீ. போக எட்டு மணி நேரத்துக்கு மேல் அறிவித்தார்கள். சராசரி 73 கி.மீ. வளைவுக்கு மேல் வளைவாகப் போகும் அந்தப் பாதையில் சாயும் வண்டிக்கு வேலை இருக்கிறது. ஓசூர், தர்மபுரி, ஓமலூர் வழியாகச் சேலம் இறங்கும் பாதையும் அப்படித்தான். செங்கோட்டை–புனலூர் மலைப்பாதையில் பயனில்லை. அங்கே ஏற்றமும் வளைவும் சேர்ந்து மிகக் குறைந்த வேகத்தைக் கட்டாயமாக்குகின்றன. நடுத்தர வளைவுகள்தான் சாயும் ரயிலின் களம். நூறு வண்டிகளை எங்கே ஓட்டுவது என்று முடிவெடுப்பவர்கள் தலைநகரங்களின் வரிசையைப் பார்க்காமல் வளைவுகளின் வரிசையைப் பார்க்கவேண்டும்.

பெரம்பலூருக்குப் பாதை வந்தால்

பெரம்பலூரின் கவலையே வேறு. 1995இல் திருச்சியிலிருந்து பிரிந்து மாவட்டமானது. அதிலிருந்து அரியலூர் 2001இல் பிரிந்து, மறு ஆண்டு மீண்டும் இணைந்து, 2007இல் நிரந்தரமாகத் தனியானது. பிரிவினையில் தண்டவாளம் அரியலூர் பக்கம் போனது. சென்னை–திருச்சி தேசிய நெடுஞ்சாலை பெரம்பலூர் பக்கம் நின்றது. ரயில் ஏற வேண்டுமென்றால் முப்பது கிலோமீட்டர் அளவு கிழக்கே அரியலூருக்கு வரவேண்டும், அல்லது தெற்கே திருச்சிக்குப் போகவேண்டும். செட்டிகுளத்துச் சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் பருத்தியும் லாரியில்தான் போகின்றன. கல்லூரிகளும் மருத்துவமனைகளும் பெருகிய ஊரில், வெளியூர் மாணவர் கைப்பையோடு இறங்குவது பேருந்து நிலையத்தில்தான்.

அரியலூரிலிருந்து பெரம்பலூர், துறையூர் வழியாக நாமக்கல்லுக்குப் புதிய பாதை வேண்டும் என்ற கோரிக்கை நெடுநாளாக இருக்கிறது. கணக்கெடுப்புகள் நடந்தன; தேர்தல்தோறும் வாக்குறுதிகள் வந்தன; தண்டவாளம் வரவில்லை. சேலம்–கரூர் பாதையில் 2013 முதல் நாமக்கல்லுக்கு ரயில் இருப்பதால், இந்தப் பாதை வந்தால் கிழக்கும் மேற்கும் திருச்சியைச் சுற்றாமல் நேராக இணையும். அரியலூர் சிமென்ட் கொங்கு நாட்டுக்குப் போகக் குறுக்கு வழி கிடைக்கும். கார்டு லைனில் கூட்ஸ் நெரிசலும் கொஞ்சம் தளரும். இந்த இரண்டு மாவட்டங்களுக்கு ரயில் வேகம் என்ற பேச்சில் முதலில் வரவேண்டியது இதுதான். நூறு கி.மீ. வேகத்தில் போகும் ரயிலை எட்ட ஒருவர் ஒரு மணி நேரம் பேருந்தில் உட்கார்ந்திருந்தால், அவருடைய பயணத்தின் வேகத்தை அந்தப் பேருந்துதான் தீர்மானிக்கிறது.

அந்தப் பாதையை வரையும்போது சாயும் ரயிலின் வரலாறு கைகொடுக்கும். பெரம்பலூருக்கும் துறையூருக்கும் நடுவே பச்சைமலையின் தென்கோடியைச் சுற்றவேண்டும். துறையூரைத் தாண்டினால் கொல்லிமலைத் தொடரின் அடிவாரம். நிலம் எடுப்பதில் சிக்கனம் பார்த்து மலையடியை ஒட்டி வளைத்து வளைத்துக் கோடு போட்டால், 875 மீட்டரும் அதற்குக் குறைவுமான வளைவுகளைப் பேரப்பிள்ளைகள் காலம்வரை சுமக்கவேண்டியிருக்கும். விக்டோரியா காலத்துப் பொறியாளர் மிச்சம் பிடித்த நிலத்துக்காகத்தான் பிரிட்டன் நூறு ஆண்டு கழித்து ஏபிடிக்கும் பெண்டோலினோவுக்கும் செலவு செய்தது. தொடக்கத்திலேயே ஆரத்தை இரண்டு கிலோமீட்டருக்குக் குறையாமல் வைத்தால், தேவைப்படும் இடத்தில் குன்றை வெட்டியோ சிறு பாலம் கட்டியோ நேராக்கினால், 60இல் வரும் சிமென்ட் வண்டிக்கும் 160இல் வரும் பயணிகள் ரயிலுக்கும் ஒரே தண்டவாளம் பொருந்தும். 2,000 மீட்டர் ஆரத்தில் 160 கி.மீ. வேகத்துக்குத் தேவையான உயர்வு சுமார் 176 மில்லிமீட்டர். அதில் நூறு மில்லிமீட்டரைத் தண்டவாளம் தந்தால், மீதியைப் பயணியின் உடம்பு உறுத்தலில்லாமல் பொறுத்துக்கொள்ளும். அடுத்த கணக்கெடுப்புக்கு வரும் பொறியாளர்களிடம் பெரம்பலூர்க்காரர்கள் நிலையம் எங்கே என்று கேட்பதோடு, வளைவின் ஆரம் எவ்வளவு என்றும் கேட்கவேண்டும்.